இரவு முழுக்க அடுப்பு மேலேயே இருந்த கோழிக்குழம்பைக் கொதிக்க வைத்துச் சாப்பிடலாமா?

ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு இறக்கிய கோழிக்குழம்பு. இரவு பத்து மணிக்கு ஒரு கொதி விட்டு, மூடி, அடுப்பு மேலேயே விட்டாயிற்று. திங்கள் காலை மோந்து பார்த்தால் நன்றாகவே மணக்கிறது. மாமியார் "இன்னொரு கொதி விட்டுட்டா ஒண்ணும் ஆகாது" என்கிறார், உங்களுக்கு மனசு ஒப்பவில்லை. ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் எத்தனை நாள் தாங்கியிருக்கும், கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு உடனே பதில்: வேண்டாம், கொட்டிவிடுங்கள். பிள்ளைகளின் டப்பாவில் கட்டவே வேண்டாம். மற்றவற்றுக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. ஏனென்றால் "கெட்டுப்போச்சா?" என்பதும் "சாப்பிட்டால் உடம்புக்கு வருமா?" என்பதும் ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் இரண்டும் வேறு.

சமைத்த கறியை நாற வைக்கும் பாக்டீரியா ஒரு கூட்டம், வயிற்றைக் கலக்கும் பாக்டீரியா இன்னொரு கூட்டம். சூடோமோனாஸ் போன்றவை முதல் வகை. ஃப்ரிட்ஜின் குளிரிலும் மெதுவாக வளர்ந்து, கறியின் புரதத்தைச் சிதைத்து, நாற்றத்தையும் வழவழப்பையும் உண்டாக்குபவை இவைதான். இரண்டாம் கூட்டம் அப்படித் தன்னைக் காட்டிக்கொள்ளாது. ஒரு கிராம் குழம்பில் பத்து லட்சம் இருந்தாலும் மணம், நிறம், ருசி எதுவும் மாறாமல் இருக்கலாம். அதனால் மூக்கு ஒரு பக்கத்துக்கு மட்டுமே சாட்சி. நாறினால் கட்டாயம் கெட்டது. நாறவில்லை என்றால், இன்னும் நாறவில்லை என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பதும் இதே கதைதான்.

அடுத்தது கொதி. கோழிக்குழம்பு விஷயத்தில் முக்கியமான ஆள் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ். பெரிய பாத்திரத்தில் கறி சமைத்து, மெல்ல ஆற விட்டுப் பரிமாறும் இடங்களில் கூட்டமாக வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் சந்தேகிக்கப்படுவது இதுதான். சூழல் பிடிக்காதபோது இது விதை போன்ற கெட்டியான உறைக்குள் போய்விடும். அதை ஸ்போர் என்பார்கள். 100 டிகிரியில் குழம்பு கொதிக்கும்போது மற்ற பாக்டீரியா செத்துப்போகும், ஸ்போர் தப்பும். கொதியின் சூடே அதைத் தட்டி எழுப்பவும் செய்யும். கொதித்ததில் குழம்பிலிருந்த காற்றும் வெளியேறியிருக்கும், போட்டிக்கு வேறு பாக்டீரியாவும் இல்லை. ஆக்சிஜன் பிடிக்காத இதற்கு இதைவிட வசதி கிடையாது. குழம்பு ஆறிக்கொண்டே வந்து 43 முதல் 47 டிகிரியைத் தொடும்போது, அதாவது விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் கட்டத்தில், இது சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். இருபது முறை இரட்டித்தால் ஒன்று பத்து லட்சத்தைத் தாண்டும். அதற்கு மூன்றரை மணி நேரம்கூட வேண்டாம். நீங்கள் இரவு பத்து மணிக்கு விட்ட கொதி அதுவரை வளர்ந்ததைக் கொன்றிருக்கும். ஆனால் மூடிய சட்டியில் விடியும்வரை மெல்ல ஆறி, மறுபடி ஒரு முழுச் சுற்றுக்கு வழிவிட்டிருக்கும்.

காலையில் தளதளவென்று கொதிக்க விட்டால் வளர்ந்து நிற்கும் பெர்ஃபிரின்ஜென்ஸ் பெரும்பாலும் சாகும், அது உண்மை. மாமியார் சொல்வதில் பாதி நியாயம் அங்கே இருக்கிறது. மீதிப் பாதியைக் கெடுப்பது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். இது நம் மூக்கிலும் கையிலும் விரல் வெடிப்பிலும் இருப்பது. பரிமாறிய கரண்டி, மூடியைத் திறந்து ஒரு துண்டு எடுத்த கை வழியாகக் குழம்புக்குள் போகும். வெதுவெதுப்பில் வளரும்போது குழம்பிலேயே நஞ்சைக் கக்கிவிடும். கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி பிடுங்கினால் பெரும்பாலும் இதன் வேலை. பிரியாணி போல அரிசி சேர்ந்ததில் பேசில்லஸ் சீரியஸும் இதே தந்திரம் செய்யும். அதன் வாந்தி நஞ்சு பிரஷர் குக்கர் சூட்டுக்கும் அசையாது. உங்கள் சட்டியில் இவற்றில் எது இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பரிசோதனைக்கூடம் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. பலமுறை ஒன்றும் ஆகாமல் போகும். அந்தப் பலமுறையை வைத்துத்தான் "நாங்க காலங்காலமா சாப்பிடலையா" என்ற பேச்சு வருகிறது.

அந்தப் பேச்சை முழுக்கத் தள்ளிவிடவும் கூடாது. மறுநாள்தான் ருசி என்று நாம் கொண்டாடும் மீன்குழம்பில் புளி நிறைய. அந்தப் புளிப்பில் பல பாக்டீரியாவுக்கு வளர்ச்சி மட்டுப்படும். உப்புக்கண்டத்தில் உப்பும் வெயிலும் சேர்ந்து ஈரத்தை உறிஞ்சிவிடுகின்றன. சுண்டக்குழம்பில் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்து நீரைக் குறைத்துவிடுகிறோம். மூன்றும் கணக்குத் தெரிந்த முறைகள். தக்காளி, தேங்காய், வெங்காயம் போட்டுத் தளர வைத்த கோழிக்குழம்பு இந்த வகையில் சேராது. புளிப்பு குறைவு, நீர் அதிகம், புரதமும் கொழுப்பும் நிறைய. "மஞ்சள் போட்டிருக்கே, மிளகு போட்டிருக்கே" என்பதும் துணைக்கு வராது. நாம் போடும் ஒன்றிரண்டு தேக்கரண்டி அதற்குப் போதாது. சொல்லப்போனால் மல்லித்தூளும் மிளகுத்தூளும் ஸ்போர்களைச் சுமந்து வரும் பொருட்கள். இறக்கிய பிறகு மேலே தூவும் மிளகுத்தூள் கொதியைப் பார்ப்பதே இல்லை.

ஆகவே கேட்க வேண்டியது எத்தனை மணி நேரம் வெதுவெதுப்பில் இருந்தது என்பதைத்தான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டதை ஆபத்தான வெப்பநிலை என்பார்கள். சமைத்த கோழி அதில் மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளி வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். நம் ஊரில் மே மாதச் சமையலறையில் இரண்டாவது கணக்கே பொருந்தும். மொத்தமாக என்பதைக் கவனியுங்கள்: மதியம் மேசையில் முக்கால் மணி நேரம் திறந்து கிடந்தது, மாலையில் வந்த விருந்தாளிக்காக எடுத்து வைத்த அரை மணி நேரம், எல்லாம் கூடும். 2 மணி நேரம் 10 நிமிடம் ஆனதும் உணவு நஞ்சாகிவிடும் என்று அர்த்தமில்லை. இது ஓரளவு தாராளமாகப் பாதுகாப்பு வைத்துப் போட்ட கோடு. இரண்டரை மணி நேரம் ஆன குழம்பைப் பற்றி இரண்டு நிபுணர்கள் வேறு வேறாகச் சொல்லலாம். ஒன்பது மணி நேரத்தைப் பற்றி யாரும் வேறாகச் சொல்ல மாட்டார்கள்.

சரி, அடுத்த ஞாயிறு என்ன செய்வது? மூன்று லிட்டர் குழம்பைச் சட்டியோடு ஆற விட்டால் மேலே ஆறியிருக்கும், நடுவில் மணிக்கணக்கில் சூடு நிற்கும். மண்சட்டியானால் இன்னும் மோசம். அதன் பெருமையே சூட்டைப் பிடித்து வைப்பதுதான். எனவே எடுத்து வைக்கப்போகும் குழம்பைச் சாப்பிட உட்காரும் முன்பே தனியாகப் பிரித்துவிடுங்கள். அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். அதைவிடப் பெரிய தாம்பாளத்தில் குழாய்த் தண்ணீர் விட்டு, ஐஸ் கட்டி இருந்தால் ஒரு தட்டு போட்டு, பாத்திரத்தை அதில் உட்கார வையுங்கள். தண்ணீர் குழம்பு மட்டத்துக்கு வர வேண்டும், உள்ளே வழியக் கூடாது. சுத்தமான கரண்டியால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடியோடு கிளறுங்கள். தாம்பாளத் தண்ணீர் சூடானதும் மாற்றுங்கள். மூடியைச் சாய்த்து வையுங்கள், இறுக்கி மூடினால் ஆவி உள்ளேயே நின்று ஆறுவதைத் தாமதப்படுத்தும். அரை மணி நேரத்துக்குள் பாத்திரத்தின் அடியைத் தொட்டால் சூடு தெரியாத நிலைக்கு வந்துவிடும். பிறகு நேராக ஃப்ரிட்ஜ்.

முழுக்க ஆறிய பிறகுதான் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்பது நம்மிடம் ஆழமாக ஊறிய பழக்கம். கொதிக்கக் கொதிக்கப் பெரிய சட்டியை உள்ளே தள்ளினால் பக்கத்திலிருக்கும் பாலும் தயிரும் சூடாகும் என்பதால் வந்த எச்சரிக்கை அது. சின்னச் சின்ன டப்பாக்களில், இளஞ்சூட்டில் வைத்தால் ஃப்ரிட்ஜுக்கு ஒன்றும் ஆகாது. முழுக்க ஆறட்டும் என்று விட்டு மறந்துபோவதில்தான் உங்களுக்கு நடந்தது நடக்கிறது.

ஃப்ரிட்ஜ் உள்ளே 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் டயலில் இருக்கும் 1, 2, 3 என்ற எண்கள் டிகிரி இல்லை. எண் கூடினால் குளிர் கூடும். மழைக்காலத்தில் வைத்த எண்ணிலேயே கோடையிலும் விட்டுவிடுவது வழக்கமான தவறு. ஒரு டம்ளர் தண்ணீரில் சமையலறை டிஜிட்டல் தெர்மாமீட்டரை (காய்ச்சல் பார்ப்பது இல்லை) நட்டு இரவு முழுக்க நடுத்தட்டில் வைத்துக் காலையில் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும். சமைத்த கோழி மேல்தட்டில், பச்சைக் கறி அதற்குக் கீழே, தனித் தட்டில். பச்சைக் கறியின் நீர் ஒரு சொட்டு விழுந்தால் சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற நோய் தரும் பாக்டீரியா சமைத்ததற்குள் வந்துவிடும். கதவு அலமாரியில் கறி வேண்டாம், ஃப்ரிட்ஜிலேயே சூடு அதிகம் ஏறி இறங்கும் இடம் அது.

எத்தனை நாள் என்பதற்கு அமெரிக்க வேளாண் துறை 3 முதல் 4 நாள் என்கிறது. பிரிட்டனின் உணவுத் தர முகமை 2 நாளுக்குள் முடிக்கச் சொல்கிறது. இரண்டுமே குளிர் தடைபடாத ஃப்ரிட்ஜை வைத்துச் சொன்னவை. மின்வெட்டும் நாளுக்கு முப்பது முறை கதவு திறப்பதும் இருக்கும் நம் வீட்டுக்கு 2 நாள் என்பதே என் கணக்கு, நல்ல ஃப்ரிட்ஜானால் 3. தேங்காய் அரைத்து விட்டதோ தேங்காய்ப்பால் ஊற்றியதோ என்றால் மறுநாளே முடித்துவிடுங்கள். நீர் சுண்ட வறுத்த மிளகு வறுவல் குழம்பைவிடக் கொஞ்சம் கூடத் தாங்கும், ஆனாலும் அதற்காகத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் இன்னும் கண்டிப்பு வேண்டும்: லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும், கருவைப் பாதிக்கும்.

ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் கெடுதல் வளர்வதே நின்றுவிடும். குறைவது ருசி மட்டும். 2 மாதத்துக்குள் எடுத்தால் குழம்பு குழம்பாகவே இருக்கும். ஒரு வேளைக்கு ஆவதை மட்டும் ஒரு பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, தட்டையாகப் படுக்க வைத்து, மேலே தேதி எழுதுங்கள். உருளைக்கிழங்கு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், உறைந்து இளகினால் மணல் மாதிரி ஆகிவிடும். எடுக்கும் நாளுக்கு முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள், அல்லது கட்டியாகவே வாணலியில் போட்டுச் சிறு தீயில் இளக்குங்கள். மேடையில் வைத்து இளக விட வேண்டாம்.

இனி ஃப்ரிட்ஜில் ஒழுங்காக வைத்தது கெட்டதா என்று பார்ப்பது. டப்பாவைத் திறக்கும்போதே மூடி உப்பி, 'புஸ்' என்று காற்று வந்தால் அதோடு முடிந்தது, உள்ளே எதுவோ நொதித்திருக்கிறது. சூடாக்காமல், குளிர்ந்த நிலையிலேயே கரண்டியைக் குழம்பில் விட்டு மெல்ல உயர்த்துங்கள். நல்ல குழம்பு சொட்டுச் சொட்டாக விழும், அல்லது கெட்டியாகச் சரியும். கெட்டது வெண்டைக்காய் நறுக்கிய கத்தியில் வருமே, அது போல மெல்லிய நூல் விடும். அசைக்காமலே மேற்பரப்பில் பொடிப்பொடியாகக் குமிழி எழுந்து உடைந்தால் அதுவும் நொதித்தல். கறித்துண்டை இரண்டு விரலால் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்குக்கு மேல் சோப்பு மாதிரி வழுக்கும். மணத்தில் புளித்த வாடை, அழுகிய முட்டை வாடை, மூக்கைக் குத்தும் அமோனியா வாடை, எது வந்தாலும் கெட்டதுதான். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு மீதியை வைக்க முடியாது, குழம்பில் அது வேர் விட்டுப் பரவியிருக்கும்.

இதற்கு நேர்மாறாக, நல்ல குழம்பைக் கெட்டது என்று கொட்டுபவர்களும் உண்டு. எலும்போடு வேக வைத்த குழம்பு குளிரில் அல்வா மாதிரி ஆடும். எலும்பிலும் தோலிலும் இருந்து இறங்கிய ஜெலட்டின் அது, சூடாக்கினால் கரைந்துவிடும். மேலே வெள்ளையாகவோ ஆரஞ்சாகவோ உறைந்த படலம் கொழுப்பு. எலும்பை ஒட்டிச் சிவப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரிவது மஜ்ஜையிலிருந்து கசிந்த நிறமி. இளங்கோழியிலும் உறைய வைத்த கோழியிலும் அதிகம் தெரியும். தேங்காய்ப்பால் திரிந்தது போல் பிரிவதும் பெரும்பாலும் குளிரால்தான், வாடை மாறியிருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள். சூடாக்கியதும் வரும் ஒரு மாதிரியான பழைய வாடை, கோழிக் கொழுப்பு காற்றோடு சேர்ந்து மாறியதால் வருவது. ருசிக்குக் கேடு, உடம்புக்கு இல்லை. ஆனால் கரும்பச்சை, சாம்பல் பூத்த நிறம் போன்றவற்றில் சந்தேகம் என்றால் கொட்டிவிடுவதே சரி. நிறத்தை மட்டும் வைத்து உறுதியாக எதையும் சொல்ல முடியாது, மசாலா போட்ட குழம்பில் சுத்தமாக முடியாது.

சூடாக்கும்போது வேண்டியதை மட்டும் தனியாக எடுத்துச் சூடாக்குங்கள். டப்பா முழுவதையும் சூடாக்கி, மீதியை மறுபடி உள்ளே வைப்பது வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் அந்த வெதுவெதுப்பான கட்டத்தைக் குழம்பு இருமுறை கடக்கிறது. உள்ளே 74 டிகிரி வர வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால், ஓரத்தில் மட்டும் குமிழி வருவதோடு நிறுத்தாமல் நடுவிலும் தளதளவென்று இரண்டு நிமிடம் கொதிக்கட்டும். முழு லெக் பீஸ் வெளியே கொதிக்கும்போதும் எலும்பருகே குளிர்ந்திருக்கும், இரண்டாகப் பிய்த்துவிடுங்கள். வறுவலுக்குக் கைப்பிடி தண்ணீர் தெளித்து மூடி வையுங்கள், ஆவி உள்ளே போகும். மைக்ரோவேவில் பாதியில் நிறுத்திக் கிளறி, முடிந்ததும் இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள்.

ஹோட்டல் பார்சலுக்கும் இதே கணக்கு. அங்கே எப்போது சமைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த நேரத்திலிருந்து எண்ணினால் கணக்குத் தப்பும். மதியப் பிரியாணியின் மீதியை உடனே தட்டில் பரப்பி ஆற்றி உள்ளே வைத்து, மறுநாளுக்குள் முடியுங்கள். கூட வந்த மயோனைஸை வைத்துக்கொள்ளவே வேண்டாம். பச்சை முட்டையில் செய்ததற்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது சும்மா இல்லை. மின்சாரம் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் 4 மணி நேரம் குளிர் நிற்கும், நிறைந்த ஃப்ரீசரில் 48 மணி நேரம். ஊருக்குப் போகும்போது ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது காசு அடியில் கிடந்தால், இடையில் எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது.

யாராவது ஏற்கெனவே அந்தக் குழம்பில் கொஞ்சம் சாப்பிட்டிருந்தால் பதற வேண்டாம், வலிந்து வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். ஸ்டெஃபைலோகாக்கஸ் என்றால் சில மணி நேரத்திலும், பெர்ஃபிரின்ஜென்ஸ் என்றால் 6 முதல் 24 மணி நேரத்திலும் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளில் சரியாகிவிடும். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம், 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, சிறுநீர் குறைவது, மூன்று நாளைத் தாண்டும் வயிற்றுப்போக்கு, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் என்றால் இவ்வளவுக்கும் காத்திருக்காமல் முதல் அறிகுறியிலேயே போய்விடுங்கள். கொட்டும் குழம்பைத் தெருநாய்க்கு வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள் என்றால், அதுவும் வேண்டாம்: வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து அதன் குடலைக் குத்தும்.